புது நீச்சல் குளம் கட்டினால் எங்கள் கல்லூரி அணி மீளுமா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் நீச்சல் குளம் 1960களில் கட்டியது. 75 அடி நீளம், 42 அடி அகலம். ஒரு முனையில் மூன்றரை அடி ஆழம், மறுமுனையில் ஒன்பது அடி. ஒரு காலத்தில் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஒட்டுமொத்தக் கோப்பை எங்களுக்குத்தான் வரும். இப்போது ரிலேயில்கூடப் பதக்கம் எட்டவில்லை. மாவட்டத்தில் நன்றாக நீந்தும் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்ததும் சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். முன்னாள் மாணவர்கள் ஒரு நல்ல தொகை திரட்டியிருக்கிறார்கள். 50 மீட்டர் குளம், கேலரி, மேற்கூரை, எலெக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு என்று வரைபடமும் தயார். நிர்வாகம் என் கருத்தைக் கேட்கிறது. இப்போது காலை 6 முதல் 8 வரை கட்டண உறுப்பினர்கள் நீந்துகிறார்கள். அணிக்கு மாலை 5 முதல் 6 வரை. விளக்கு இல்லாததால் அதற்கு மேல் முடியாது. மோட்டார் மணிக்கு 30,000 லிட்டர் இழுக்கும் என்று தகட்டில் இருக்கிறது. காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டுகிறோம். காலையில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். மாலையில் கண் எரிகிறது, நெடி தாங்கவில்லை என்று மாணவர்கள் சொன்னதால் அளவைக் குறைத்துவிட்டோம். பெண்கள் அணி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் சார். அளவுகளையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் எனக்கு அனுப்புவது குளத்தின் போட்டோவைத்தான். மோட்டார் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதுபவர்கள் குறைவு. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 50 மீட்டர் திட்டத்துக்கு இப்போது சம்மதம் சொல்லாதீர்கள். இருக்கிற குளத்தையே, உங்கள் அணி நாளுக்கு நான்கு மணி நேரம் நீந்தக்கூடிய குளமாக மாற்றுங்கள். அணி மறுபடி ஜெயிக்க அதுதான் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாலை 5 முதல் 6 வரை என்றால் வாரம் ஆறு மணி நேரம். அதிலும் உடை மாற்றி, ஷவரில் நின்று, வார்ம்-அப் முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விடும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, சீசன் நடக்கும்போது ஒரு மாணவரை வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் ஈடுபடுத்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. படிப்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த உச்சவரம்பு அது. அங்கே இருபதைத் தாண்டாதே என்று தடுக்க வேண்டியிருக்கிறது; உங்கள் பிள்ளைகளுக்கு ஆறு மணி நேரமே முழுதாகக் கிடைக்கவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பிள்ளைகள் பளபளப்பான டைல்ஸைத் தேடிப் போகவில்லை சார். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே குளத்தின் கதவு திறந்திருக்கும், உள்ளே ஒரு பயிற்சியாளர் நிற்பார். அதற்காகத்தான் போகிறார்கள்.

ஆகவே எந்த வசதிக்குச் செலவு செய்வது என்று யோசிக்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதனால் என் மாணவர் தண்ணீரில் இருக்கும் நேரம் கூடுமா, அந்த நேரத்தின் தரம் உயருமா? கேலரி அதைச் செய்யாது. ஸ்கோர்போர்டு ஆண்டுக்கு இரண்டு நாள் எரியும். மேற்கூரையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். உங்கள் அளவுகளை மீட்டருக்கு மாற்றினால் 22.86 மீட்டர் நீளம், 12.8 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.9 மீட்டர். சுமார் ஐந்தரை லட்சம் லிட்டர் கொள்ளளவு. மோட்டார் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 1,20,000 லிட்டர்தான் ஃபில்டர் வழியாகப் போகிறது. குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அதுகூட மோட்டார் புதிதாக இருந்தபோது எழுதிய கணக்கு. மணல் கெட்டித்துப்போன பழைய ஃபில்டரில் அவ்வளவு வராது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு முறை ஃபில்டரைக் கடந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் வடிகட்டிய நீர் திரும்ப வந்து அழுக்கு நீரோடு கலந்துகொண்டேதான் இருக்கிறது. கணக்குப் போட்டால், குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒரு சுற்று போகும்போது உண்மையில் 63 சதவீத நீர்தான் ஃபில்டரைத் தொட்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்காவது சுற்றில்தான் 98. ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, நாளுக்கு நான்கு சுற்று என்று நாங்கள் கேட்பது இதனால்தான். உங்கள் குளத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 93,000 லிட்டர் வேண்டும். இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு.

இதைப் படித்ததும் யாராவது பெரிய மோட்டார் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஃபில்டர் பழையதாகவே இருந்தால் வேகமாக வரும் நீர் மணலைக் குடைந்துகொண்டு அழுக்கோடு வெளியே வந்துவிடும். ஃபில்டரின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்கு 30,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 1.4 மீட்டர் விட்டமுள்ள சேண்ட் ஃபில்டர் இரண்டு தேவை. உறிஞ்சும் குழாயும் ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும். உங்கள் குளத்தின் வயதைப் பார்த்தால் நான்கு அங்குல இரும்புக் குழாய்தான் புதைந்திருக்கும் என்று தோன்றுகிறது. தரைமட்டத்தில் உள்ள உறிஞ்சு வாயையும் அப்போதே கவனியுங்கள். ஒரே ஒரு வாய், மேலே உடைந்த கம்பி வலை என்றிருந்தால் அது உயிருக்கு ஆபத்து. பம்ப் இழுக்கும்போது முடியோ கையோ சிக்கினால் ஆள் மேலே வர முடியாது. பம்ப் பெரிதாகும்போது இந்த ஆபத்தும் பெரிதாகும். இரண்டு வாய்கள், இடையில் நல்ல தூரம், உடையாத குவிந்த மூடி. இதற்குப் பிறகுதான் புது மோட்டாரின் சுவிட்சைப் போட வேண்டும்.

கண் எரிச்சல் விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் நெடியடிக்கிறது என்றதும் பிளீச்சிங் பவுடரைக் குறைத்ததாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நெடி குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வை, சிறுநீர், தலையில் தேய்த்த எண்ணெய், இவற்றோடு வரும் அழுக்கைச் சிதைக்கப் போதுமான குளோரின் இல்லாதபோது குளோரமைன் என்ற கூட்டுப்பொருள் உருவாகிறது. கண்ணை எரிப்பதும் மூக்கில் ஏறுவதும் அதுதான். உங்கள் அட்டவணையில் பாருங்கள்: காலையில் மருந்து போடுகிறீர்கள், இரண்டு மணி நேரம் உறுப்பினர்கள் நீந்துகிறார்கள், அதன் பிறகு பகல் முழுக்க வெயில். நிலைப்படுத்தும் மருந்து எதுவும் கலக்காத குளோரின் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும். மாலை ஐந்து மணிக்கு உங்கள் அணி இறங்குவது, அன்றைய நாளிலேயே குளோரின் மிகக் குறைந்தும் குளோரமைன் மிக அதிகமாகவும் உள்ள தண்ணீரில். அதில் பட்டர்ஃபிளை செட் கொடுத்தால் மூச்சை இழுத்து முடிக்கவே பையன் திணறுவான். அவனுக்கு ஸ்டாமினா போதவில்லை என்று நாம் எழுதிவைப்போம்.

மருந்தைக் கையால் அள்ளி வீசும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். சின்ன டோசிங் பம்ப் வைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்படி செய்யுங்கள். ஃப்ரீ குளோரின் (அழுக்கோடு சேராமல் தண்ணீரில் மீதமிருக்கும் குளோரின்) 1 முதல் 3 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.2 முதல் 7.6. இரண்டாவது எண் முதலாவதைவிட முக்கியம் என்று சொல்வேன். பி.ஹெச். 7.5இல் இருந்தால் நீங்கள் போடும் குளோரினில் பாதி வேலை செய்யும். 8ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குகூட வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடரே பி.ஹெச்சை ஏற்றும். உங்கள் பகுதி போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது என்றால் மேலும் ஏறும். ஆசிட் டோசிங் தனியாக வேண்டும், அந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மோட்டார் அறையில் இருப்பவர் கதவு வரைகூட வந்து சேர முடியாமல் போகலாம். ஒரு டெஸ்ட் கிட், ஒரு நோட்டு, காலை மாலை இரண்டு முறை அளந்து எழுதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கும் முன் சோப்புப் போட்டு ஷவர், தலையில் எண்ணெயோடு யாரும் இறங்கக் கூடாது. உறுப்பினர்களுக்கும் இதேதான்.

தண்ணீர் தெளிந்தால் ஒரு தூரத்தை நீந்தி முடிக்க எடுக்கும் நேரமும் குறையும். இதை நான் பல அணிகளிடம் பார்த்திருக்கிறேன். ஆழ முனையில் தரைக் கோடு மங்கலாக இருந்தால், சுவர் எங்கே என்று தெரியாத மாணவன் கடைசி இரண்டு ஸ்ட்ரோக்கில் தயங்குவான். ஃப்ளிப் டர்னை (குட்டிக்கரணம் அடித்துச் சுவரைக் காலால் தள்ளித் திரும்புவதை) முன்னாலேயே போட்டுவிடுவான், காலில் சுவர் சரியாகப் படாது, தள்ளும் வேகம் போய்விடும். ஒரு டர்னுக்கு அரை நொடி என்றாலும் நூறு மீட்டரில் அது பதக்கம். கரையில் நின்றால் ஒன்பது அடி ஆழத்திலும் கறுப்புக் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரியாத நாளில் யாரையும் இறக்காதீர்கள். அடியில் ஒரு பிள்ளை கிடந்தாலும் தெரியாத குளம் அது.

இனி நீளம். 75 அடி என்பது 25 கெஜம். அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். நான்கு நீளம் நீந்தினால் 91.44 மீட்டர், நூறுக்கு எட்டரை மீட்டர் குறைகிறது. உங்கள் மாணவர்கள் நான்கு நீளத்தை நூறு மீட்டர் என்று எழுதிவைத்திருந்தால் அந்த நேரங்களை இன்றே அடித்துவிட வேண்டும். குளத்தில் ஒரு நிமிடம் இரண்டு நொடியில் வந்த பையன் போட்டியில் ஒரு நிமிடம் ஒன்பது, பத்து நொடி என்று வரும்போது, அவன் பயந்துவிட்டான், டென்ஷன் ஆகிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். பயம் காரணமே இல்லாமல் இருக்கலாம். நூறு மீட்டரை அவன் அதற்கு முன் நீந்திப் பார்த்ததே இல்லை.

சுவரை உடைத்து 25 மீட்டர் ஆக்கலாமா என்று கேட்பீர்கள். அறுபது வயது கான்கிரீட்டில் அந்த வேலையைத் தொட நான் தயங்குவேன். அதோடு 25 மீட்டர் என்று அங்கீகாரம் வேண்டுமானால் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. மிகச் சிறிதளவு கூடலாம், அவ்வளவுதான். சரியாக இருந்த குளத்துக்கு இரண்டு முனையிலும் புது டைல்ஸ் ஒட்டி, பூச்சின் தடிமனால் நீளம் குறைந்து, போட்டி நடத்தும் தகுதியையே இழந்த கதை உண்டு. உங்களுடையது பயிற்சிக் குளம். அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தூரத்துக்கும் இந்தக் குளத்துக்கென்று தனி அடிப்படை நேரம் எழுதிவைத்து, அதிலிருந்து முன்னேற்றத்தைப் பாருங்கள்.

ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் 50 மீட்டர் குளத்தில் நடக்கின்றன. அங்கே நூறு மீட்டருக்கு ஒரே டர்ன். உங்கள் குளத்தில் 23 மீட்டருக்கு ஒரு முறை சுவரைத் தள்ளிப் பழகிய உடம்பு, நீண்ட குளத்தில் கடைசி 15 மீட்டரில் துவண்டுபோகும். அதற்காக ஒரு 50 மீட்டர் குளம் சொந்தமாக வேண்டியதில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் சனி, ஞாயிறுகளில் அருகிலுள்ள 50 மீட்டர் குளத்துக்கு வேன் வைத்துக் கூட்டிப்போங்கள். முன்னாள் மாணவர்களின் நிதியில் இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

சொந்தக் குளத்தின் சுமை என்னவென்று நிர்வாகத்துக்குச் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். இப்போதைய குளத்தைப் போல நான்கரை மடங்கு தண்ணீர், அதே அளவுக்கு மருந்து, அதற்கேற்ற பம்ப், மின்கட்டணம். ஆவியாகி ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 12,500 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி. கோடையில் லாரித் தண்ணீருக்கு ஊரே காத்திருக்கும்போது கல்லூரி இதைச் செய்ய முடியுமா? சென்னை வேளச்சேரி குளம் 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது. அதைத் தாங்க ஓர் அரசு வேண்டியிருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு பராமரிக்கப் பணமில்லாமல் பாசி பிடித்து நின்ற பெரிய குளங்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் ஓரமாக நடந்து வகுப்புக்குப் போகும் மாணவர்களைப் பார்த்தால் மனசு ஆறாது.

புதுக் குளம் அணியை மாற்றியதற்கு உதாரணமே இல்லையா என்று நிர்வாகத்தில் கேட்கலாம். உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1977இல் பெரிய நீச்சல் மையம் திறந்தார்கள். ஆண்கள் அணி 1981இல் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. 2021க்குள் பதினைந்து பட்டங்கள். ஆனால் குளம் திறந்த மறு ஆண்டே, 1978இல், எடி ரீஸ் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2024 வரை அவர்தான் இருந்தார். அந்தப் பதினைந்து பட்டங்களும் அவர் காலத்தில் வந்தவை. உங்கள் வரைபடத்தில் பயிற்சியாளருக்கென்று ஒரு வரியைக்கூட நான் பார்க்கவில்லை. திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியில் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) டிப்ளமா முடித்த முழுநேரப் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்க முடியுமா என்று பாருங்கள். நீங்களே கபடியையும் கவனித்து, தடகளத்தையும் கவனித்து, நீச்சலுக்கும் நிற்பது உங்களுக்கும் நியாயமில்லை, அணிக்கும் நியாயமில்லை.

குளத்துக்குள் செய்ய வேண்டிய மற்ற வேலைகளுக்கு வருகிறேன். 12.8 மீட்டர் அகலத்தில் 2.5 மீட்டர் வீதம் ஐந்து லேன் சரியாக உட்காரும். பழைய நைலான் கயிற்றில் அங்கங்கே மிதவை கோத்தது லேன் ரோப் ஆகாது. முழு நீளத்துக்கும் அலையடக்கும் தட்டுகள் கோத்த, ஸ்டீல் கேபிளை இறுக்கிக் கட்டிய ரோப் வேண்டும். குறுகிய குளத்தில் பக்கச் சுவரில் மோதித் திரும்பும் அலை ஓரத்து லேன்காரர்களை அலைக்கழிக்கும். பயிற்சி முடிந்ததும் ரீலில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் பொரிந்துவிடும். லேனுக்கு நான்கு பேர் வட்டமாக நீந்தினால் ஒரே நேரத்தில் இருபது பேருக்கு இடமிருக்கிறது. உங்கள் அணிக்கு இடப்பற்றாக்குறையே கிடையாது சார்.

ஸ்டார்ட்டிங் பிளாக், அதாவது குதித்துத் தொடங்கும் மேடை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பிளாக் வைக்கும் முனையில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம், சுவரிலிருந்து ஆறு மீட்டர் வரைக்கும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உங்கள் ஆழமில்லாத முனை மூன்றரை அடி, 1.07 மீட்டர். அங்கே பழைய சிமென்ட் மேடை ஏதாவது இருந்தால் இந்த வாரமே இடித்துவிடுங்கள், டைவ் அடிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதுங்கள். தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு போகும். ஆயுள் முழுக்கப் படுக்கைதான். பிளாக்குகள் ஒன்பது அடி முனையில் மட்டும். உயரம் நீர்மட்டத்திலிருந்து 50 முதல் 75 சென்டிமீட்டருக்குள், மேற்பரப்பு வழுக்காததாக, பின்காலை ஊன்றச் சாய்வான பின்தகடு உள்ளதாக இருக்கட்டும். இப்போது பெரிய போட்டிகள் எல்லாமே பின்தகடு உள்ள பிளாக்கில்தான். சமதளத்தில் மட்டும் பழகியவன் அங்கே போய் முதல் முறை கால் வைத்தால் தடுமாறுவான். பேக்ஸ்ட்ரோக் கொடிகள் இரண்டு முனையிலும் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில், நீர்மட்டத்துக்கு 1.8 மீட்டர் மேலே. இதற்குச் செலவே கிடையாது, ஆனால் கொடி இல்லாத குளத்தில் பேக்ஸ்ட்ரோக் பையன்கள் சுவரில் தலை மோதும் பயத்திலேயே மெதுவாக நீந்துவார்கள்.

என்னை ஒரே ஒரு பொருள் வாங்கித்தரச் சொன்னால் பயிற்சிக் கடிகாரத்தைத்தான் வாங்குவேன். இரண்டு முனையிலும் ஒன்று, தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியே பார்த்தாலே நொடி தெரியும் அளவுக்குப் பெரியதாக. இருபது பேருக்கு ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நீங்கள் கரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் தன் வேகம் தெரியாது. சுவரைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்து, "34இல் வந்தேன், 45இல் கிளம்ப வேண்டும்" என்று மாணவனே கணக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து பயிற்சியின் தரம் மாறிவிடும்.

விளக்குகள்தான் நேரத்தைத் தருபவை. கம்பங்களைக் குளத்தின் நீளவாட்டில் பக்கங்களில் நடுங்கள். முனைகளில் நட்டால் பேக்ஸ்ட்ரோக் நீந்துபவர் கண்ணில் அடிக்கும். முனைகளில் 600 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் போட்டியே நடத்தலாம். குளத்தைச் சுற்றியுள்ள எல்லா மின்இணைப்புக்கும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். வெளிச்சம் வந்ததும் காலை 5 முதல் 7 வரையும், மாலை 5 முதல் 7 வரையும் அணிக்கு. உறுப்பினர்கள் காலை 7 முதல் 8.30 வரை. அவர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் கல்லூரிக் குளத்தில் கல்லூரி அணிக்கு முதலிடம் என்பதை முதல்வர் ஒரு முறை கடிதமாக எழுதித் தந்துவிட்டால் அடங்கிவிடும். ஒரு மாணவர் வாரத்துக்கு எட்டுப் பயிற்சிகள் வந்தால் பதினாறு மணி நேரம். இப்போதைய ஆறோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலை ஐந்து மணிக்கு வர வேண்டுமென்றால் அணி விடுதியில் தங்க வேண்டும். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவரால் முடியாது. விடுதியில் பத்துப் பன்னிரண்டு இடம், ஏழேகாலுக்கு மெஸ்ஸில் சூடான சாப்பாடு, முட்டை, பால். இரண்டு மணி நேரம் நீந்திவிட்டு வந்த பிள்ளைக்கு எட்டரைக்குத்தான் மெஸ் திறக்கும் என்றால் இரண்டே வாரத்தில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடும். இதையும் நான் வசதி என்றுதான் கணக்கில் சேர்ப்பேன். டைல்ஸுக்கு முன்னால் வைப்பேன்.

பெண்கள் அணி இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரி என்னைச் சங்கடப்படுத்தியது. உங்கள் கல்லூரியில் மாணவிகள் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்களும்தான் கட்டணம் கட்டுகிறார்கள். தனி உடை மாற்றும் அறை, உள்ளேயே கழிவறை, ஷவர், குளத்திலிருந்து விடுதி வரை வெளிச்சமான பாதை, குளத்தில் ஒரு பெண் பயிற்சியாளர் அல்லது உயிர்காப்பாளர். இவ்வளவுதான் தேவை. ஐந்து லேனில் இரண்டை மாணவிகளுக்குக் கொடுத்து ஒரே நேரத்தில் நடத்தலாம். ஆரம்பத்தில் பெற்றோர் தயங்கினால் தனி நேரம் கொடுங்கள். கணக்காகப் பார்த்தாலும், பெண்கள் பிரிவில் நீச்சலுக்கு அணி அனுப்பும் கல்லூரிகள் நம் பக்கம் குறைவு. ஒழுங்காக இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற நான்கு மாணவிகள் இருந்தால் ரிலேயில் நிற்கலாம். உங்கள் கல்லூரிக்கு முதல் கோப்பை இங்கிருந்தே வரக்கூடும்.

மேற்கூரையைச் சொல்கிறேன் என்றேன். பக்கமெல்லாம் அடைத்துத் தகரக் கூரை போட்டால், முன்னே சொன்ன குளோரமைன் உள்ளேயே தங்கி மாணவர்களின் நுரையீரலுக்குப் போகும். வேண்டாம். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவதுதான் உண்மையான பிரச்சினை. போட்டி விதி 25 முதல் 28 வரை. இரவில் திரும்பிவரும் நீரின் ஒரு பகுதியை மேலே பூவாளி போலத் தெளித்து விழ விட்டால் ஆவியாதலில் சூடு குறையும். ஏப்ரல், மே மாதங்களில் நீண்ட தூர செட்டுகளை விடியற்காலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ்; 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். பிறந்தது கேரளத்தில் என்றாலும் வளர்ந்தது நம் நெய்வேலியில்; நீந்தப் பழகியதும் அங்கேதான். ஒரு தொழில் நகரத்தில் சிறுவர்களுக்குக் கதவு திறந்திருந்த குளத்திலிருந்து அவர் வந்தார். உங்கள் ஊரிலும் கிணற்றில் குதித்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர் அவர்களுக்குப் பழக்கம். டர்னும் மூச்சு முறையும்தான் தெரியாது. மாலை 4 முதல் 5 வரை ஊர்ப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் குளத்தைத் திறந்துவிடுங்கள். ஆறாம் வகுப்பில் வந்த பிள்ளை ஏழு ஆண்டு கழித்து உங்கள் கல்லூரியில்தான் இடம் கேட்கும்.

வேலையை எப்போது தொடங்குவது? குளத்தை ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்யவே கூடாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் சமயத்தில் வெறும் குளம் கீழிருந்து வரும் அழுத்தத்தில் மேலே தூக்கிக்கொள்ளும், தரை வெடிக்கும். போட்டிகள் முடிந்து, தை பிறந்து, நிலம் காய்ந்த பிறகு ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். கோடைப் பயிற்சிக்குக் குளம் தயாராகிவிடும். ஃபில்டர், குழாய், உறிஞ்சு வாய், சுவர்ப் பூச்சு, கோடுகள் இவை தண்ணீர் இல்லாதபோது. விளக்கு, கடிகாரம், உடை மாற்றும் அறை ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்கலாம்.

நிர்வாகக் கூட்டத்துக்கு முன் எனக்கு மூன்று தகவல் அனுப்புங்கள். ஸ்டீல் டேப் வைத்து ஐந்து லேனிலும் தனித்தனியாக அளந்த நீளம். ஃபில்டரின் விட்டமும் அதன் பிரஷர் கேஜ் பேக்வாஷுக்கு (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவதற்கு) முன்னும் பின்னும் காட்டும் அளவும். போர் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை. பம்ப், குழாய், ஃபில்டர் அளவுகளைக் கணக்கிட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும் வடிவில் எழுதித் தருகிறேன். கூட்டத்தில் அந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். கூடவே, உங்கள் அணி இப்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கிறது என்ற எண்ணையும்.